நிலவன் பேரில் ஒரு வீடு

அத்தியாயம் 14

மேல்தொட்டி வழிந்து சன்ஷேடில் சடசடவென்று தண்ணீர் கொட்டின பிறகுதான் சுலோசனாவுக்கு மோட்டார் ஞாபகமே வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

இந்த வீட்டில் மோட்டார் நிறுத்துவது மகன் நிலவனின் வேலை. இருபத்து நாலு வயதுப் பிள்ளை. எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, கடிகாரம் பார்க்க வராது. கடைக்கு அனுப்பினால் சொன்ன சாமானில் பாதியை மறந்துவிட்டு, கடைக்காரர் வீட்டு நாய் குட்டி போட்ட சேதியோடு திரும்பி வருவான். ஆனால் ஒரு நாளும் தொட்டியை வழிய விட்டதில்லை. தண்ணீர் ஏறுகிற சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் ஒரு வாரமாகத் தவளக்குப்பத்தில், அக்கா தாமரைச்செல்வி வீட்டில் இருக்கிறான். அனுப்பி வைத்தவள் சுலோசனாதான். காரணம், அவளுடைய கொழுந்தன் நாராயணசாமி. போன வாரம் அந்த மனிதர் வாசலில் நின்று போட்ட கூச்சலில் கருவடிக்குப்பமே எட்டிப் பார்த்தது.

"ஒண்ணும் தெரியாத புள்ள பேர்ல வூட்ட எழுதி வெச்சிட்டுப் போயிட்டான் எங்கண்ணன்! நாளைக்கு எவனாவது ஒரு ஐஸ்கிரீம வாங்கிக் குடுத்து எழுதி வாங்கிக்கினு போவான். அப்ப எங்கிட்ட வந்து அழாத!"

சொன்ன விதம் கெட்டதுதான். ஆனாலும் சொன்ன விஷயம் நடக்கக் கூடியதுதான் என்று சுலோசனாவுக்குத் தோன்றியது. அப்படி எழுதி வாங்கப் போகிற முதல் ஆளே இவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, மறுநாள் காலையிலேயே பையனை மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். பெற்ற மகள் வீட்டை விடப் பத்திரமான இடம் வேறு எது?

கணவர் இராமதாஸ் போன மார்கழியில் போய்ச் சேர்ந்தார். மில்லில் வேலை பார்த்த காலத்தில் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர். மில்லை மூடிய பிறகு ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்று சுவர் எழுப்பினார். உடம்பு படுத்த ஆரம்பித்ததும் முதல் காரியமாக வீட்டை முழுசாக மகன் பேருக்கு எழுதிப் பதிவு செய்தார். வீடு அவன் பேரில் இருந்தால் எவனும் அவனைத் தெருவில் தள்ள முடியாது என்பது அவர் எண்ணம். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்னால் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். அப்படி எழுதினதை எமன் வந்தாலும் மாற்ற முடியாது என்று சொல்லிச் சொல்லியே இராமதாஸை வளர்த்தவர். நம் ஜனங்கள் பத்திரத் தாளுக்குக் கொடுக்கிற மரியாதை சாமி படத்துக்குக் கூடக் கிடையாது.

இதற்கும் முன்னால் அந்தக் குடும்பம் இன்னொரு தப்புச் செய்திருந்தது. தாமரைக்கு வரன் பார்த்தபோது, தம்பிக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பயந்தார்கள். அதனால் அவனுக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம், "பையனுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி வைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாரும் நிலவன் காதருகே குனிந்து கத்திப் பேசினார்கள். அவன் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே நின்றான்.

அந்தச் சமயத்தில்தான் சுலோசனா அவனுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். பிள்ளை கைநாட்டு வைத்தால் மானம் போய்விடும் அல்லவா! கையைப் பிடித்து எழுத வைத்து, மாதக்கணக்கில் போராடியதில், 'இரா. நிலவன்' என்று அச்சாக அவனுக்கு வந்துவிட்டது. போட்டு முடித்ததும் அவள் "குட்!" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் எதில் வேண்டுமானாலும் போடுவான்.

இராமதாஸ் போன பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பையனைச் சோதித்து சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதை வைத்து, தன்னை அவனுக்குச் சட்டப்படி கார்டியனாக நியமிக்கச் சொல்லி, கலெக்டர் தலைமையில் இருக்கிற கமிட்டிக்கு மனுப் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதற்கு முன்னால் கமிட்டி சார்பில் ஒருவர் வீட்டுக்கு வந்து பையனைப் பார்ப்பார். அவர் வருவது இன்றைக்குச் சாயங்காலம்.

அதற்குள் நிலவனைக் கூட்டி வந்துவிட வேண்டும். போகிற வழியில் வக்கீல் துர்காவையும் பார்த்துவிடலாம் என்று சுலோசனா கிளம்பினாள்.

துர்காவின் ஆபீஸ் மிஷன் வீதிக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. தாமரையின் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஆனால் பேச ஆரம்பித்தால் சுலோசனாவுக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர் முன்னால் நிற்பது போல் இருக்கும்.

"உங்க வூட்டுக்காரர் நல்ல மனசோடதாம்மா எழுதியிருக்காரு. ஆனா பூட்டப் போட்டுட்டு, சாவிய அவன் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாரு."

"புரியலியே மேடம்."

"வூடு நிலவன் பேர்ல இருக்கு. அவன் கையெழுத்து போட்டா கைமாறிடும். அதுக்குப் பதிலா ஒரு ட்ரஸ்ட் போட்டு வூட்ட அதுல வெச்சிருக்கணும். அவன் உசுரோட இருக்கற வரைக்கும் அங்க இருக்கலாம், யாரும் விக்கக் கூடாது, இன்னார் இன்னார் அவனப் பாத்துக்கணும்னு எழுதியிருக்கணும்."

"இப்பப் பண்ண முடியாதா?"

"நீங்க மொதல்ல கார்டியன் ஆவுங்க. அப்புறம் கமிட்டி சம்மதத்தோட என்ன பண்ணலாம்னு பாப்போம். இன்னைய தேதிக்கு அவனுக்குன்னு சட்டப்படி யாருமே இல்ல."

சுலோசனாவுக்குச் சுருக்கென்றது. "ஏன் இல்ல? நான் பெத்தவ இருக்கேனே?"

"அதெல்லாம் பதினெட்டு வயசு வரைக்கும்தாம்மா. அதுக்கப்புறம் அவனும் என்னை மாதிரி, உங்கள மாதிரி ஒரு ஆளு. போன்னா போவலாம். போடுன்னா போடலாம்." துர்கா பேனாவை மூடினாள். "பையன் இப்ப எங்க?"

"எம்பொண்ணு வூட்டுல. அங்க ஒரு பயமும் இல்ல."

 துர்கா மேஜை மேல் இருந்ததை எல்லாம் ஒரு முறை ஒழுங்குபடுத்தினாள்.

"நேராப் போயி கூட்டிக்கிட்டு வந்துடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரு கூடவும் தனியா அனுப்பாதீங்க."

"யாரு கூடவுமா?"

"யாரு கூடவும்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சுலோசனாவுக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் கோபமாக வந்தது. நாலு புஸ்தகம் படித்துவிட்டால் எல்லாரையும் திருடனாகப் பார்க்கத் தோன்றும் போல. கடலூர் ரோட்டில் பஸ் குலுங்கிக் குலுங்கிப் போன நேரம் முழுக்க மனசுக்குள் துர்காவோடு சண்டை போட்டுக்கொண்டே போனாள்.

தவளக்குப்பம் மார்க்கெட் முனையில் இறங்கினதும் கண் தானாக எதிர்ச்சாரிக்குப் போனது. மருமகன் இளஞ்செழியனின் டைல்ஸ் கடை அங்கேதான் இருக்கிறது. ஷட்டர் இழுத்து விடப்பட்டிருந்தது. படியில் குப்பையும் காய்ந்த பூச்சருகும் கிடந்தன. ஒரு நாள் இரண்டு நாள் மூடின கடை மாதிரி தெரியவில்லை. தாமரை இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லையே என்று யோசித்தபடி நடந்தாள். கடைக்காகச் செழியன் வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று எப்போதோ யாரோ சொன்னதும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே நிலவன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். தலை படிய எண்ணெய் வைத்து வாரியிருந்தது. மேலே இஸ்திரி கலையாத நீலக் கட்டம் போட்ட சட்டை.

"ம்மா! புதுச் சட்டை!"

"யார்ரா கண்ணு வாங்கிக் குடுத்தா?"

"மாமா! பேண்ட்டும்!"

சமையல்கட்டிலிருந்து தாமரை எட்டிப் பார்த்தாள். "வாம்மா. வரேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா? சங்கரா மீன் வாங்கியிருக்கேன், சாப்ட்டுட்டுப் போவலாம், உக்காரு."

குரலில் தேவைக்கு மேல் ஒரு உற்சாகம். பெற்றவளுக்கு அது பிடிபடாமல் போகுமா? சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு வந்து நிற்கும்போதும் இவள் இப்படித்தான் படபடவென்று பேசுவாள்.

"காலையில எங்கனா போயிருந்தீங்களாடி? புதுச் சட்டையெல்லாம் பலமா இருக்கு."

"எங்க போறோம்? கோயிலுக்குத்தான்."

"கோயில் இல்லக்கா," என்று நிலவன் திருத்தினான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மற்றவர்கள் சொல்கிற பொய்யும் அவனுக்குத் தெரியாது. "ஆபீசு! ம்மா, பெரிய ஆபீசு. ஃபேன் நெறைய இருந்திச்சி. கேமராவுல என்னைப் போட்டோ புடிச்சாங்க. கட்ட வெரல மிஷின்ல வெச்சேன். கையெழுத்து போட்டேன். ஒண்ணு கூடத் தப்பில்லம்மா!"

சுலோசனா அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எதுல கண்ணு போட்ட?"

"பேப்பர்ல." இது கூடத் தெரியாதா என்பது போல் பார்த்தான். "அந்த சார் சம்மதமான்னு கேட்டாரு. சம்மதம்னு சொன்னேன். மாமா சொல்லிக் குடுத்தாரு. அப்படியே சொன்னேன். மாமா குட் சொன்னாரு."

அடுப்பில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது. தாமரை அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். நாராயணசாமியின் கூச்சல் சுலோசனாவின் காதில் திரும்பக் கேட்டது. ஐஸ்கிரீமுக்குப் பதில் சட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"நெலவா, நீ போயி டிவி பாரு," என்று அவனை உள்ளே அனுப்பிவிட்டு மகளிடம் வந்தாள். "என்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"கத்தாதம்மா. பக்கத்து வூட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். என்னா பண்ணின?"

"சித்தப்பா எழுதி வாங்கறதுக்கு முன்னாடி நான் எழுதி வாங்கிட்டேன். என் பேருக்கு. அவ்ளோதான். அவன யாரும் வூட்ட வுட்டுத் தொரத்தப் போறதில்ல."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?" தாமரையின் கண் சட்டென்று நிரம்பிவிட்டது. "எட்டாவது படிக்கும்போதிலேர்ந்து எனக்கு ஒரே பாட்டு. எங்களுக்கப்புறம் நீதாண்டி அவனப் பாக்கணும், நீதாண்டி அவனப் பாக்கணும். மாட்டேன்னா சொன்னேன்? அப்பா வூட்ட எழுதி வெச்சப்ப எங்கிட்ட யாராவது சொன்னீங்களா? மூணாம் மனுஷி மாதிரி தெருவுலதானே கேள்விப்பட்டேன்? கழுவிக் குளிப்பாட்டி சோறு போடறதுக்கு மட்டும் நான். வூடு மட்டும் அவனுக்கு."

 மகள் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. மகளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே, அவளிடம் என்ன கேட்பது என்று இராமதாஸ் சொன்னார், இவளும் தலையாட்டினாள். தனக்குப் பின்னால் பையனைப் பார்க்கப் போகிறவளை நடுக்கூடத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அந்த நினைப்பு அவளைச் சுட்டது. அதற்காக இப்படியா?

"பத்திரம் எங்கடி?"

"அவருகிட்ட இருக்கு."

"அவரு எங்க?"

"தெரியல. ஆபீசு வாசல்லயே எங்கள ஆட்டோவுல ஏத்தி வுட்டாரு. வேலையிருக்கு, வந்துடறேன்னாரு. போன் எடுக்க மாட்டேங்கறாரு." சாதாரணமாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் கை, போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தது. மறுபடி எடுத்துப் பார்த்தது.

"கடை ஏன் மூடிக் கெடக்கு?"

தாமரை திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள்.

"சாயங்காலம் கமிட்டியிலேர்ந்து வராங்க," என்றாள் சுலோசனா. "நான் என்னா சொல்லட்டும்?"

தாமரை கிட்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அவனுக்குப் புரியும்னு சொல்லிடும்மா. கொஞ்சம் மந்தம், ஆனா சொன்னா புரிஞ்சிக்குவான்னு சொல்லு. புரியாதுன்னு நீ சொல்லிட்டா காலையில அவன் போட்டது செல்லாதுன்னு ஆயிடும். அதோட வுடுவாங்களா? சர்டிபிகேட் வாங்குன புள்ளைய ஏமாத்தி எழுதி வாங்கினோம்னு என்னையும் அவரையும் கூண்டுல நிக்க வெப்பாங்க. என் கல்யாணத்துக்கு ஒரு பொய் சொன்னீங்கல்ல? அத இன்னொரு தரம் சொல்லு."

கருவடிக்குப்பத்துக்கு மூன்று பேருமாகத் திரும்பினார்கள். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று தாமரையும், கமிட்டி ஆள் வருகிற விஷயத்தைப் புருஷனுக்கு மெசேஜில் போட்டுவிட்டு, கிளம்பி வந்துவிட்டாள். பஸ்ஸில் நிலவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வந்த பஸ்களுக்கு எல்லாம் கையாட்டினான். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள்.

கமிட்டியிலிருந்து வந்தவர் பெயர் தீபலட்சுமி. பருத்திப் புடவை, தோளில் பை, வெயிலில் அலைந்த முகம். கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் நிலவனிடம்தான் பேசினார்.

"உங்க பேர் என்ன தம்பி?"

"இரா. நிலவன்."

"என்ன வேலையெல்லாம் செய்வீங்க?"

"மோட்டார் போடுவேன். மோட்டார் நிறுத்துவேன். அக்கா கூட கடைக்குப் போவேன்." கேட்காமலே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவர் வாங்கிக் குடித்தார்.

"இந்த வீடு யாரோடது?"

"அம்மாவோடது," என்றான் நிலவன். அதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

தீபலட்சுமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவன் படுக்கிற இடம், துணி வைக்கிற இடம், மாத்திரை உண்டா, யார் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, சுலோசனாவை நேராகப் பார்த்தார்.

"கையெழுத்து ரொம்ப நல்லாப் போடறார்னு மனுவுல எழுதியிருக்கீங்க. எதுல போடறோம்னு அவருக்குப் புரியுமாம்மா?"

 கதவோரம் நின்ற தாமரை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்காத அளவுக்கு, புரியும்னு சொல்லு என்பது போல் மெல்லத் தலையை ஆட்டினாள்.

சுலோசனா இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். புரியும் என்றால் மகன் தெருவுக்கு வருவான். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் வருவான், அப்போது கேட்க இவள் உயிரோடு இருக்க மாட்டாள். புரியாது என்றால் மகள் கோர்ட்டில் நிற்பாள். ஒரு தாயிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. ஆனாலும் இதைக் கேட்கச் சொல்லி மனுப் போட்டதே இவள்தான்.

"புரியாதுங்க," என்றாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"புரியாது. போடறதுக்கு நான்தான் கத்துக் குடுத்தேன். எதுக்குப் போடறோம், போட்டா என்னா ஆவும், ஒண்ணும் அவனுக்குத் தெரியாது. பொறந்ததிலேர்ந்து அப்படித்தான். நாங்கதான் காது மந்தம்னு சொல்லி ஊர ஏமாத்தினோம். யாரு சிரிச்சுப் பேசினாலும் நம்பிடுவான். அவனுக்கு எதுவுமே புரியாதுங்க மேடம்."

"சமீபத்துல எதுலயாவது கையெழுத்துப் போட்டாரா?"

சுலோசனா கதவுப் பக்கம் பார்த்தாள். தாமரை கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத... வெள்ளிக்கிழமை சொல்றேங்க. அங்கயே வந்து சொல்றேன்."

தீபலட்சுமி அம்மாவையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். ஏதோ எழுதினார். மேற்கொண்டு கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நிலவன் கண்டிப்பா நேர்ல இருக்கணும்மா. அவரப் பாக்காம கமிட்டி முடிவு எடுக்காது. மறந்துடாதீங்க."

அவர் ஸ்கூட்டி தெரு முனையைத் தாண்டினதும் தாமரை அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டல்ல?"

"இன்னும் முழுசாச் சொல்லலடி. வெள்ளிக்கிழமைக்குள்ள மாப்பிள்ளைகிட்டப் பேசு. போயி அந்தப் பத்திரத்த ரத்து பண்ணிட்டு வாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். அப்புறம் நாம மூணு பேரும் உக்காந்து பேசுவோம். ஒன்னையும் சேத்து, ஒனக்கும் ஒரு உரிமை இருக்கற மாதிரி ட்ரஸ்ட் எழுதுவோம். வக்கீலம்மா வழி சொல்லுது."

தாமரை முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் போட்டாள். இந்தத் தடவை இளஞ்செழியன் எடுத்துவிட்டார். அவள் பேச ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டது தெரிந்தது.

"அம்மா புரியாதுன்னு சொல்லிட்டாங்க," என்றாள் தாமரை. "வெள்ளிக்கிழமை அவனக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஏங்க, நான் சொல்றத... அலோ? அலோ?"

போனைக் காதிலிருந்து எடுத்து வெறித்துப் பார்த்தாள்.

அப்போதுதான் சுலோசனா நிலவனைக் கவனித்தாள். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. சிரிப்பு இல்லாத அவன் முகத்தை அவள் பார்த்தது அபூர்வம்.

"எனக்கு எதுவும் புரியாதாம்மா?"

 இருபத்து நாலு வருஷமாக அவனிடம் குட், குட் என்றே சொல்லி வந்தவள். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், அவன் காது கேட்க, எதற்கும் ஆகாதவன் என்று சொல்லிவிட்டாள்.

"அப்படி இல்ல கண்ணு. அம்மா அது வேற எதுக்கோ..."

"நீ சொன்ன. அந்த மேடங்கிட்ட சொன்ன." அவன் உதடு துடித்தது. "மாமா சொன்னாரு எனக்கு எல்லாம் புரியும்னு. நீ பெரிய ஆளுடான்னு சொன்னாரு. நீ ஒண்ணும் புரியாதுன்னு சொல்ற."

அவனை இழுத்து அணைத்துக்கொள்ளப் போனாள். அவன் கையை உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மாவின் கையை அவன் உதறினது அதுதான் முதல் தடவை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் பைக் ஹாரன் கேட்டது.

இளஞ்செழியன் இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை. ஹெல்மெட்டை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல மரியாதையாகச் சிரித்தார். "நல்லா இருக்கீங்களா அத்தை?"

"உள்ள வாங்க மாப்பிள்ள. பேசணும்."

"பேசலாம், பேசலாம். நெலவா! மாமா வந்திருக்கேன், வரியாடா?"

உள்கதவு திறந்தது. நிலவன், அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதே நீலச் சட்டை. அம்மாவைத் தாண்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனான்.

"நெலவா, எங்க போற? உள்ள வா." சுலோசனா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "மாப்பிள்ள, அவன இப்ப அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமை வேலை இருக்கு."

"தெரியும் அத்தை. அதுக்கு முன்னாடி நல்ல டாக்டர் ஒருத்தர்கிட்டக் காட்டலாம்னு இருக்கேன். எனக்குத் தெரிஞ்சவருதான். பையன் தெளிவா இருக்கான்னு அவரு எழுதிக் குடுத்துட்டாருன்னா யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அவன் சின்னப் புள்ள இல்ல அத்தை. மேஜர். அவனா வரான். நான் இழுத்துக்கிட்டா போறேன்? நீயே சொல்லுடா, மாமா கூட வரியா, இங்க இருக்கியா?"

"வரேன்," என்றான் நிலவன்.

சுலோசனாவின் பிடி தளர்ந்தது. போன்னா போவலாம் என்று காலையில் துர்கா சொன்னபோது சட்டம் பேசுகிறாள் என்று நினைத்தாள். அந்தச் சட்டம் இப்போது வாசலில் வந்து நிற்கிறது. அவனைப் போகாதே என்று தடுக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த உலகத்தில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை, பெற்றவளுக்குக் கூட இல்லை.

"தாமரை! பாத்துக்கினு நிக்கறியே, நீயாவது சொல்லுடி!"

தாமரை கேட்டருகே வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். "ஏங்க, இன்னைக்கு வேணாம். அம்மா அவங்ககிட்ட முழுசா ஒண்ணும் சொல்லல. நாம ரத்து பண்ணிடலாம். பத்திரம் உங்ககிட்டதானே இருக்கு?"

இளஞ்செழியன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நிலவன் பின்னால் ஏறி உட்கார்ந்து, மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"நீ அம்மா கூட ரெண்டு நாள் இரு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் வண்டியை நகர்த்தினார்.

பைக் தெருவைக் கடந்து மெயின் ரோட்டை எட்டியது. தவளக்குப்பம் போகிறவர்கள் அங்கே வலது பக்கம் திரும்பி டவுனுக்குள் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்த வழி. வண்டி ஒரு நிமிஷம் நின்றது, எதிரே வந்த லாரிக்கு வழி விட்டது, பிறகு இடது பக்கம் திரும்பி, சென்னை போகிற ஈ.சி.ஆரை நோக்கி வேகமெடுத்தது.

தாமரை அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"ம்மா," என்றாள். "அந்தப் பக்கம் எங்களுக்கு யாரும் இல்லியேம்மா."